உடைமையும் திருத்தும் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவன், அது பழுதுறும்போது தானே அதனைத் திருத்திக்கொள்ளலாம். அன்றித் தான் விரும்பிய தொழிலாளியிடம் கொடுத்துத் திருத்துவிக்கலாம். இதனை ஒரு தனி உரிமையாக நெடுங்காலம் எவரும் எண்ணியதில்லை. உழவன் தன் கலப்பையைக் கொல்லனிடம் கொண்டுசென்றபோது அதனை முதலிற் செய்தவனின் அனுமதியை வேண்டி நிற்கவில்லை. பெயரிடப்படாத இவ்வுரிமை உடைமை என்னும் கருத்தினுள்ளேயே அடங்கிக் கிடந்தது. இன்று அது 'திருத்தும் உரிமை' எனத் தனிப்பெயர் பெற்றுச் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் வாதிக்கப்படும் பொருளாகியுள்ளது. ஓர் உரிமை பெயர் பெறுவது பெரும்பாலும் அது பறிபோகத் தொடங்கும் வேளையிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவ்வாறாயின் இவ்வுரிமை எவ்வழிகளாற் பறிபோயிற்று? இவ்வினாவுக்கு விடைகாண ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் பெரிதும் உதவுவதாகும். பேரளவு உற்பத்தி முறைமை முழு வளர்ச்சி பெற்ற நாடு அது. அங்கு உற்பத்தியாளருக்கும் பொருளை வாங்கியோருக்கும் இடையே எழுந்த பிணக்குகள் தீர்ப்புகளாகவும் சட்டங்களாகவும் பதிவு பெற்றுள்ளன. அப்பதிவுகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, பொருள் கைமாறிய பின்னரும் அதன்மீதுள்ள ஆட்சியைக் கைவிடாதிருக்க உற்பத்தியாளர் நான்கு கருவிகளைக் கையாண்டமை புலனாகும். ஆக்கவுரிமை, வாடகை, உதிரிப்பாகம், மென்பொருள் என்பனவே அவை. இவற்றுள் முதல் மூன்றும் காலப்போக்கில் ஓரளவேனும் கட்டுப்படுத்தப்பட்டன. நான்காவது கருவி அம்மூன்றின் வலிமையையும் ஒருங்கே பெற்று எழுந்தது.

1. ஆக்கவுரிமை

புதியதொன்றைக் கண்டுபிடித்தவனுக்கு அதனைச் செய்யவும் விற்கவும் குறித்த காலத்துக்கு அரசு வழங்கும் தனியுரிமையே ஆக்கவுரிமை எனப்படும். அவ்வாறு காக்கப்பட்ட இயந்திரமொன்றை வாங்கியவன் அதன் தேய்ந்த பாகத்தை மாற்றுவானாயின் அது திருத்துதலா, அன்றிப் புதிய இயந்திரமொன்றை அனுமதியின்றி ஆக்குதலா? 1850 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வில்சன் எதிர் சிம்ப்சன் வழக்கு இவ்வினாவையே எழுப்பியது. பலகை சீவும் இயந்திரம் ஒன்றே வழக்கின் பொருள். இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கவல்லது. அதன் வெட்டும் அலகுகளோ இரண்டு மூன்று மாதங்களிலே தேய்ந்துவிடுவன. அலகுகளை மாற்றுவது இயந்திரத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமையின் பாற்பட்டது என நீதிமன்றம் தீர்த்தது. தேய்வதற்கென்றே அமைந்த பாகத்தை மாற்றுதல் இயந்திரத்தைப் புதிதாக ஆக்குதலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

எனினும் இக்கொள்கை தடையின்றி வளர்ந்ததெனக் கூறுதல் பொருந்தாது. பஞ்சுப் பொதிகளைக் கட்டும் இரும்புப் பட்டிகள் பற்றிய வழக்கொன்றில் 1882 இல் வேறுவகையான தீர்ப்பு வழங்கப்பட்டது. அப்பட்டிகளின் கொளுக்கிகளில் 'ஒருமுறை பயன்படுத்த மட்டுமே அனுமதி' என்னும் பொருள்படும் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆலைகளில் வெட்டி எறியப்பட்ட பட்டிகளைச் சேர்த்து இணைத்து மீண்டும் விற்றோர் ஆக்கவுரிமையை மீறினர் என நீதிமன்றம் கண்டது. விற்ற பொருளின் மீதே விற்றவன் நிபந்தனையைப் பொறித்து அனுப்பும் வழக்கத்தின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்றை இங்கே காண்கிறோம். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் மென்பொருள் அனுமதி ஒப்பந்தங்களில் அதுவே பேருருவம் எடுத்தது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட எல்லையைத் தெளிவுபடுத்தியது 1961 ஆம் ஆண்டின் ஆரோ வழக்காகும். மடக்கக்கூடிய கூரையமைந்த மோட்டார்க் கார்களின் கூரைத்துணி ஏறத்தாழ மூன்றாண்டுகளிற் கிழிந்துவிடும். ஏனைய பாகங்களோ காரின் ஆயுள் முழுவதும் நிலைப்பன. துணியை மாற்றும் உரிமை கார் உடைமையாளனுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பின்னர், திருத்துவோனை ஆக்கவுரிமையைக் காட்டித் தடுப்பது எளிதாக இருக்கவில்லை.

2. வாடகை

உடைமையாளனுக்கே திருத்தும் உரிமை உண்டு எனச் சட்டம் கூறுமாயின், எவரையும் உடைமையாளனாக விடாதிருப்பதே உற்பத்தியாளனுக்குப் பாதுகாப்பான வழியாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐ.பி.எம். கம்பனி இம்முறையையே கையாண்டது. அரசாங்க அலுவலகங்களும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பயன்படுத்திய அட்டவணைப்படுத்தும் இயந்திரங்களை அது விற்பதில்லை, வாடகைக்கே கொடுத்தது. இயந்திரம் பழுதுற்றால் கம்பனியின் பொறியியலாளரே வந்து திருத்துவர். இயந்திரத்தில் இடும் துளையிட்ட அட்டைகளையும் தன்னிடமே வாங்கவேண்டும் எனக் கம்பனி விதித்த நிபந்தனை செல்லாது என 1936 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும் வாடகை முறை தொடர்ந்தது.

1952 இல் அமெரிக்க நீதித் திணைக்களம் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. 1956 சனவரியில் இரு தரப்பாரின் இணக்கத்துடன் நீதிமன்ற ஆணை பிறந்தது. அதன்படி கம்பனி தன் இயந்திரங்களை வாடகைக்குக் கொடுப்பதோடு விற்கவும் வேண்டும். வாங்கியோருக்கும் சுயேச்சையாகத் திருத்த வேலை செய்வோருக்கும் உதிரிப்பாகங்களையும் தொழில்நுட்ப விளக்கங்களையும் வழங்கவும் வேண்டும். திருத்தும் உரிமை இயக்கத்தினர் இன்று முன்வைக்கும் கோரிக்கைகளுட் பெரும்பாலானவை இவ்வாணையில் முன்னரே இடம்பெற்றிருந்தன என்பது வியப்புக்குரியது. இவ்வாணை 1990களின் நடுப்பகுதி தொடக்கம் படிப்படியாக நீக்கப்பட்டது.

தொலைபேசித் துறையின் வரலாறும் இதனை ஒத்ததே. அமெரிக்க வீடுகளிலிருந்த தொலைபேசிக் கருவி வீட்டுக்காரனுக்கு உரியதன்று, அது ஏ.ரி. அன்ட் ரி. குழுமத்தின் உடைமை. அதனோடு பிறர் செய்த எதனையும் இணைத்தல் ஆகாது என அக்குழுமம் விதித்திருந்தது. பேசுவோனின் குரல் அயலாருக்குக் கேளாதிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் ஹஷ்-ஏ-போன் எனும் கிண்ணம்போன்ற எளிய சாதனத்தைக்கூட அது தடைசெய்தது. வலையமைப்புக்குத் தீங்கு நேரும் என்பதே அது கூறிய காரணம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1956 இல் அத்தடையை ஏற்க மறுத்தது. 1968 இல் காட்டர்போன் வழக்கில் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத பிறர் சாதனங்களை இணைக்கலாம் எனத் தீர்மானித்தது. தீங்கு நேரும் என்ற வாதம் அத்தோடு மறைந்துவிடவில்லை. பின்னைய காலத்தில் அது வேறு உருவங்களில் மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம்.

3. உதிரிப்பாகம்

உதிரிப்பாகம் என்னும் கருத்தே தொழிற்புரட்சியின் பின்விளைவாகும். கைத்தொழிலாளி செய்த பொருளின் ஒவ்வொரு பாகமும் அப்பொருளுக்கு மட்டுமே பொருந்தும். அது உடைந்தால் வேறொரு கைத்தொழிலாளி அதனைப் புதிதாகச் செய்து பொருத்துவான். ஒரே அளவிற் செய்யப்பட்ட, ஒன்றுக்கொன்று மாற்றாகப் பொருந்தும் பாகங்கள் தோன்றியபின் நிலைமை மாறியது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான போர்ட் கம்பனியின் 'மொடல் ரி' கார் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கிராமத்து விவசாயியும் சில கருவிகளோடு அதனைக் கழற்றிப் பூட்டினான். திருத்துதல் எளிதாயிற்று, ஆனால் பாகம் எங்கிருந்து வருகிறது என்பதில் திருத்துவோன் தங்கி நிற்கவேண்டியவனானான். கொல்லனின் உலைக்களத்தில் இருந்த ஆற்றலின் ஒரு பகுதி தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

1920களில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி ஆண்டுதோறும் புதிய மாதிரிகளை வெளியிடும் முறையைக் கைக்கொண்டது. பழையதைப் பேணுதல் என்ற விழுமியத்தை அது மெல்லத் தளர்த்தியது. பயன்பெறுமானம் எஞ்சியிருக்கையிலேயே பொருளைப் பழையதாக உணரச்செய்தல் சந்தையின் விரிவுக்கு அவசியமாயிற்று. திருத்துவோனுக்கும் புதியதை விற்போனுக்கும் இடையிலான பொருளாதார முரண்பாடு இங்கேதான் கூர்மையடைகின்றது.

இம்முரண்பாட்டைச் சட்டம் முற்றாக அறியாதிருக்கவில்லை. 1975 ஆம் ஆண்டின் மக்னுசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம், தன் பாகத்தையோ சேவையையோ காசுகொடுத்துப் பெற்றால் மட்டுமே உத்தரவாதம் செல்லும் என உற்பத்தியாளர் பொதுவாக நிபந்தனையிட முடியாதவாறு செய்தது. ஆயினும் பாகத்தையே விற்க மறுத்தால் இச்சட்டத்தாற் பயன் யாது?

கோடாக் கம்பனி 1980களின் நடுப்பகுதியில் அவ்வாறே செய்தது. அதன் நிழற்பிரதி இயந்திரங்களையும் நுண்படக் கருவிகளையும் கணிசமாகக் குறைந்த கட்டணத்திற் திருத்திவந்த சிறு நிறுவனங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதபடி அது விற்பனையை மட்டுப்படுத்தியது. அந்நிறுவனங்கள் 1987 இல் வழக்காடின. இயந்திரச் சந்தையிற் போட்டி நிலவுவதால் உதிரிப்பாகச் சந்தையில் ஏகபோகத்துக்கு இடமில்லை எனக் கோடாக் வாதித்தது. திருத்தச் செலவு கூடினால் மக்கள் வேறு கம்பனியின் இயந்திரத்தை வாங்குவர் என்பது அதன் கருத்து. 1992 இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர்கள் இவ்வாதத்தை அவ்வாறே ஏற்று வழக்கைத் தள்ளிவிட மறுத்தனர். பெருந்தொகை கொடுத்து ஓர் இயந்திரத்தை வாங்கியவன் அதனோடு பிணைக்கப்பட்டுவிடுகிறான். அதன் ஆயுட்காலத் திருத்தச் செலவை வாங்கும்போதே அவனாற் கணித்தறிதலும் அரிது என்பதை அவர்கள் சுட்டினர். விசாரணையில் சிறு நிறுவனங்களே வென்றன. 1997 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கோடாக்கின் பொறுப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

4. மென்பொருள்

ஆக்கவுரிமை காலவரையறை உடையது. வாடகை முறை வெளிப்படையானது. உதிரிப்பாகத்தைப் பிறரும் செய்யக்கூடும். இக்குறைபாடுகள் எவையும் அற்ற கருவியாக மென்பொருள் வாய்த்தது. பொருளை விற்கும்போதே அதனுள் இயங்கும் மென்பொருளை விற்காது, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் வழங்கலாம். வாங்கியவன் இரும்புக்கு உடைமையாளன். அவ்விரும்பை இயக்கும் கட்டளைகளுக்கோ வெறும் அனுமதி பெற்றவன்.

இதன் விபரீதத்தை 1993 ஆம் ஆண்டின் எம்.ஏ.ஐ. எதிர் பீக் வழக்கு உணர்த்தியது. கணினி திருத்தும் நிறுவனமொன்றின் தொழிலாளி வாடிக்கையாளனின் கணினியை இயக்கியபோது அதன் இயக்கு மென்பொருள் நினைவகத்தில் ஏறியது. அது ஒரு பிரதி. அப்பிரதியை எடுக்கும் அனுமதி திருத்துவோனுக்கு இல்லை. ஆகவே அவன் பதிப்புரிமையை மீறினான் என மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பழுதைக் காணும்பொருட்டுக் கணினியை இயக்குவதே குற்றமாயிற்று.

அமெரிக்கக் காங்கிரஸ் 1998 இல் நிறைவேற்றிய இலக்கமுறைப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பகுதி இத்தீர்ப்பின் விளைவை நீக்கியது. திருத்தும் பொருட்டுக் கணினியை இயக்குதல் குற்றமாகாது என்றது. ஆனால் அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, பதிப்புரிமைப் படைப்பைக் காக்கும் இலக்கப் பூட்டுகளை உடைத்தலையும் உடைக்கும் கருவிகளை விற்றலையும் தடைசெய்தது. திரைப்படமும் இசையும் களவாகப் பிரதி செய்யப்படுவதைத் தடுத்தலே அப்பிரிவின் முதன்மை நோக்கம். ஆனால் கார், குளிர்சாதனப் பெட்டி, உழவு இயந்திரம் ஆகிய அனைத்தினுள்ளும் மென்பொருள் குடிபுகுந்தபின் அப்பூட்டு அவற்றுக்கும் பூட்டாயிற்று. திருத்துவோனுக்கு ஒரு கதவைத் திறந்த சட்டமே மறு கதவை அடைத்தமை இவ்வரலாற்றின் பெரும் முரணாகும்.

இதன் தாக்கத்தைக் கூர்மையாக உணர்ந்தோர் விவசாயிகளே. அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்தின் உணரியொன்று பழுதுறின் கணினி இயந்திரத்தை நிறுத்திவிடலாம். பாகத்தை மாற்றத் தெரிந்த விவசாயியும், அதனை இயந்திரம் ஏற்றுக்கொள்ளச் செய்யும் மென்பொருளுடன் முகவர் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. விளைந்த பயிர் காத்திருப்பதில்லை. உழவு இயந்திரத்தின் மென்பொருள் குறித்து அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2015 இல் நடத்திய விசாரணையின்போது, ஜோன் டியர் கம்பனி, வாகனத்தின் ஆயுட்காலத்துக்கு அதனை இயக்கும் உட்கிடையான அனுமதியே வாங்கியவனுக்கு உண்டு என எடுத்துரைத்தது. அக்கம்பனியின் தாபகர் 1837 இல் உருக்குக் கலப்பையைச் செய்து புகழடைந்த ஒரு கொல்லர். அயலவரின் கருவிகளைத் திருத்திக் கொடுத்து வாழ்ந்தவர். திருத்தும் உலைக்களத்திலிருந்து தோன்றிய கம்பனியே திருத்துவோனுக்கு எல்லை வகுக்க முற்பட்டமை வரலாற்றின் போக்கைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

அவ்வாண்டிலேயே, தம் வாகனங்களைத் திருத்தும்பொருட்டு உடைமையாளர் பூட்டை உடைப்பதற்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. அது மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படவேண்டியது. பூட்டை உடைக்கலாம், ஆனால் உடைக்கும் கருவியை விற்கலாகாது. திறப்புச் செய்யும் தொழிலாளி இன்றி எத்தனை விவசாயிகள் தாமே திறப்புச் செய்துகொள்வர்?

5. மீட்சிக்கான முயற்சிகள்

மோட்டார்க் கார்த் துறையிலேயே முதலாவது பெருவெற்றி கிட்டியது. மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு 85 பேருக்கு மேற்பட்டோர், முகவர்களுக்குக் கிடைக்கும் திருத்தத் தகவல்கள் உடைமையாளருக்கும் சுயேச்சைத் திருத்தகங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதை ஆதரித்தனர். 2014 இல் கார் உற்பத்தியாளர் இதனை நாடு முழுவதற்கும் ஏற்று உடன்பட்டனர். 2022 இல் கொலராடோ மின்விசைச் சக்கர நாற்காலிகளுக்கும், 2023 இல் விவசாய இயந்திரங்களுக்கும் சட்டம் இயற்றியது. நியூயோர்க் 2022 இலும், மினசோட்டாவும் கலிபோர்னியாவும் 2023 இலும் மின்னணுச் சாதனங்களுக்கான சட்டங்களை நிறைவேற்றின. பிரான்ஸ் 2021 இல் சில பொருள்களின் மீது அவை திருத்தப்படக்கூடிய தன்மையைப் புள்ளியிட்டுக் காட்டும் முறையைக் கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்துதலை ஊக்குவிக்கும் பணிப்புரையை ஏற்றது. ஜோன் டியர் கம்பனி 2023 சனவரியில் அமெரிக்க விவசாயிகள் சம்மேளனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. எனினும் 2025 சனவரியில் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அக்கம்பனிமீது வழக்குத் தொடுத்தது.

உற்பத்தியாளர் கூறும் நியாயங்களையும் நடுநிலையில் நின்று ஆராய்தல் வேண்டும். திருத்தத் தெரியாதவன் மின்கலத்தைக் கையாண்டால் தீப்பற்றலாம். புகை வெளியேற்றக் கட்டுப்பாட்டை விவசாயி நீக்கிவிடலாம். இரகசியத் தரவுகள் கசியலாம் என்பன அவை. இவை முற்றிலும் வெறுமையானவையல்ல. ஆனால் காரின் தடுப்புக் கருவியைத் திருத்துவது கைப்பேசியைத் திருத்துவதிலும் ஆபத்தானது. அதனைச் சுயேச்சைத் திருத்தகங்கள் நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2021 மே மாதத்திற் காங்கிரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, திருத்துதல் மீதான கட்டுப்பாடுகளை நியாயப்படுத்தும் சான்றுகள் மிகச் சொற்பமே எனக் கண்டது. தொலைபேசி வலையமைப்புக்குத் தீங்கு நேரும் என 1950களிற் கூறப்பட்டதையும் இங்கு நினைவுகூரலாம்.

6. இறக்குமதி செய்யும் நாட்டின் நிலை

மேற்கூறிய பிணக்குகள் யாவும் உற்பத்தி செய்யும் நாட்டினுள் நிகழ்ந்தவை. அங்கு திருத்தும் உரிமை பெரும்பாலும் செலவையும் காலத்தையும் பற்றியது. இயந்திரங்களை இறக்குமதி செய்யும் இலங்கை போன்ற நாட்டிலோ வழங்கல் தடைப்படும் வேளையில் அதுவே வாழ்வின் ஆதாரமாகிவிடுகின்றது. 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய இயந்திரங்களை இயங்கவைத்தோர் உள்ளூர்த் திருத்துநரே.

இதன் உச்சநிலையை 1990 இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பொருளாதாரத் தடைக்காலத்திற் காணலாம். பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தன. ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் சில துளி பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவற்றைத் திருத்துநரின் திறமைக்குச் சான்றாகக் கூறுவது மரபு; அது உண்மையுமாகும். ஆயினும் அத்திறமைக்கு இடமளித்தது அவ்வியந்திரங்களின் அமைப்பு என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். காபுறேற்றரைக் கழற்றியவனிடம் அந்த மொறிஸ் கார் அனுமதி கேட்கவில்லை. மென்பொருளாற் பூட்டப்பட்ட ஓர் இயந்திரத்தின்முன் அதே தொழிலாளி, அதே திறமையுடன், செயலற்று நின்றிருப்பான்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடு இருந்த வாகனங்களைத் திருத்தியே காலங்கழித்தது. அவ்வாகனங்களுள் புதியனவற்றின் திறப்பு எவர் கையில் உள்ளது என்பது இனிவரும் நெருக்கடிகளில் தீர்க்கமான வினாவாக அமையும்.

முடிவுரை

பலகை சீவும் அலகிலிருந்து உழவு இயந்திரத்தின் மென்பொருள் வரையிலான இவ்வரலாற்றில் பொருள்கள் மாறின; கருவிகள் மாறின; வினா மாறவில்லை. விற்றவன் தான் விற்ற பொருளை உண்மையிலேயே விற்றுவிட்டானா என்பதே அவ்வினா. தன் பொருளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் இயலாதவன், அதற்கு முழுவிலை கொடுத்திருப்பினும், அதனை வாடகைக்கு வைத்திருப்பவனே ஆவான். 1956 இல் ஐ.பி.எம். கம்பனிக்கு விற்கும் கடமையை விதித்த ஆணை இதனை அன்றே உணர்ந்திருந்தது. விற்பனை என்ற பெயரில் வாடகை மீண்டும் பரவிவரும் இக்காலத்தில், திருத்தும் உரிமை பற்றிய சட்டங்கள் புதியதொரு சலுகையை வழங்குவனவல்ல. உடைமை என்னும் சொல்லுக்கு அதன் பழைய பொருளை மீட்டளிக்க முனைவன என்றே கொள்ளல் பொருந்தும்.